வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு நோட்டு எழுதுவது எப்படி

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதல் வாரத்தில் வாங்குவது ஒரு கரும்பலகை, ஒரு உலக உருண்டை, கலர் பென்சில் டப்பா. நாங்களும் அதைத்தான் வாங்கினோம். உருண்டை இப்போது பீரோ மேல் தூசி தட்ட ஆளில்லாமல் கிடக்கிறது. வாங்கியிருக்க வேண்டியது 200 பக்கம் கோடு போட்ட நீள நோட்டு இரண்டு, ஒரு பெட்டி ஃபைல், ஒரு டேட் ஸ்டாம்ப், அவ்வளவுதான்.

எங்கள் வீடு மதுரை ஒத்தக்கடைப் பக்கம். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் நான்காம் வகுப்போடு நின்றாள், மூன்று வருடம் வீட்டில் படித்தாள், எட்டாம் வகுப்பில் மறுபடி அரசுப் பள்ளியில் சேர்ந்து இப்போது ஒன்பதாவது. இளையவன் ஒன்றாம் வகுப்போடு நின்றவன், இன்னும் வீட்டில்தான். ஏன் நிறுத்தினோம் என்பது பெரிய கதை, அதை விடுங்கள். வீட்டில் என்ன படித்தார்கள் என்பதை எழுதி வைக்கிற விஷயத்தில் முதல் வருடம் முழுக்க நான் தப்புத் தப்பாகச் செய்தேன். அதிலிருந்து தேறியதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதன் 10-வது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று சட்டத்தில் எதுவும் கிடையாது, வீட்டில் படிக்க வைக்கலாம் என்று அனுமதி கொடுத்தும் ஒரு வரி கிடையாது. இரண்டுக்கும் நடுவில்தான் நாம் நிற்கிறோம். யாராவது வந்து கேட்டால் எடுத்துக் காட்ட நம் கையில் இருப்பது அந்த நீள நோட்டு ஒன்றுதான்.

கேட்பார்களா என்றால், கேட்பார்கள். தமிழ்நாட்டில் பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் நம்பர் உண்டு, கல்வித் துறையின் கணினித் தொகுப்பில் பிள்ளைக்கான அடையாள எண் அது. டி.சி. வாங்கியதும் அந்த நம்பர் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும், காமன் பூல் என்பார்கள். வேறு பள்ளி எடுக்காவிட்டால் பிள்ளை அதிலேயே கிடக்கும், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் உங்கள் வீட்டு முகவரியும் வரும், கல்வித் துறையின் வட்டார வளமையத்திலிருந்து டீச்சர் ஒருவர் வாசலில் வந்து நிற்பார். பயப்படவோ சண்டைக்குப் போகவோ வேண்டியதில்லை. பிள்ளை வேலைக்குப் போகிறதா, கல்யாணத்துக்குப் பேசுகிறார்களா என்பதுதான் அவர்கள் கவலை, அந்தக் கவலை நியாயமானது. உட்கார வைத்து மோர் கொடுத்து நோட்டைக் காட்டுங்கள்.

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்த டீச்சரிடம் நான் பெருமையாகத்தான் காட்டினேன். அப்போது நான் எழுதிக்கொண்டிருந்தது பள்ளி ஆசிரியர்கள் எழுதுகிற பாடக்குறிப்பேடு மாதிரி. 9 முதல் 10 தமிழ், 10 முதல் 11 கணக்கு, பின்னங்கள் அறிமுகம் செய்யப்பட்டது, ஒளிச்சேர்க்கை விளக்கப்பட்டது, இப்படி நாற்பது பக்கம். அவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரிங்கம்மா, பிள்ளைக்கு என்ன வரும்?" என்றார். சொல்ல வாய் வரவில்லை. நாற்பது பக்கத்தில் நான் என்ன செய்தேன் என்று இருக்கிறது, பிள்ளை என்ன செய்தாள் என்று ஒரு வரி இல்லை. "இது உங்க நோட்டும்மா. அவ நோட்டு எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று ராத்திரி எனக்குக் கோபம்தான் வந்தது, மறுநாள்தான் உறைத்தது.

அதிலிருந்து எங்கள் நோட்டில் இடது பக்கம் நான், வலது பக்கம் பிள்ளை. இடது பக்கத்தில் நாளுக்கு மூன்று விஷயம் எழுதுவேன்: பிள்ளை செய்தது, திணறியது, கேட்டது. சொல்லிக்கொடுத்தேன், விளக்கினேன், நடத்தினேன் என்ற வார்த்தைகளுக்கு இடம் இல்லை, வாக்கியம் பிள்ளையில்தான் தொடங்க வேண்டும். வலது பக்கத்தில் பிள்ளை தானே எழுதலாம், படம் போடலாம், பஸ் டிக்கெட் ஒட்டலாம், ஒன்றும் செய்யாமல் வெறுமனேயும் விடலாம். ஒன்பது வயது வரை படம் போதும். இளையவன் ஒரு மாதம் முழுக்க வெறும் ஓணான் வரைந்து வைத்தான். முதல் ஓணானுக்குக் கால் மூன்று, கடைசி ஓணானுக்குக் கால் நான்கும் விரல் ஐந்தைந்தும் எண்ணிப் போட்டிருக்கிறான், பார்த்து வரையக் கற்றுக்கொண்டான் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்.

ஒரு நாள் குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு மூத்தவள் பத்து வயதில் இருந்தபோது அவளைப் பற்றி நான் எழுதிய ஒன்று:

"காலை 6 மணி, அம்மாச்சியோடு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். மல்லி கிலோ 800 ரூபாய். கால் கிலோ வாங்கினார்கள், 200 என்று கடைக்காரர் சொல்வதற்கு முன்பே இவள் சொல்லிவிட்டாள். வீட்டில் கட்டியதில் 9 முழம் வந்தது. முழம் 40 ரூபாய் என்றால் 360, மிச்சம் 160 என்றாள். நார்க் காசையும் கூலியையும் விட்டுவிட்டாள், அம்மாச்சி திட்டியதும் மறுபடி போட்டாள். திணறியது: அம்மாச்சி முழத்துக்கும் இவள் முழத்துக்கும் நீளம் வேறு, ஸ்கேலில் அளந்து பார்த்தாள், அப்புறம் எதை வைத்துக் கணக்குப் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள். கேட்டது: தையில் ஏன் விலை ஏறுகிறது?"

இதை எழுத எனக்கு ஏழெட்டு நிமிடம் ஆனது. ஓரத்தில் பென்சிலால் கணக்கு, அளவைகள், சமூக அறிவியல் என்று குறித்து வைத்தேன். அந்த முழம் பிரச்சினையிலிருந்துதான் செ.மீ., மீட்டர், திட்ட அளவு எதற்கு என்கிற பாடம் தானாக வந்தது. தையில் ஏன் விலை ஏறுகிறது என்ற கேள்விக்குப் பதிலாகப் பனியில் மொட்டு வருவது குறைகிறது, முகூர்த்தம் கூடுகிறது என்று இரண்டு வாரம் கழித்து அவளே ஒரு பக்கம் எழுதினாள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் அதில் சேர்த்துக்கொண்டாள். கேள்வியை அன்றைக்கே எழுதி வைக்காமல் விட்டிருந்தால் எனக்கும் மறந்திருக்கும், அவளுக்கும் மறந்திருக்கும்.

அன்றைக்கே எழுதுங்கள், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளையும் எழுதலாம் என்று நினைத்தால், செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்பது சாமி சத்தியமாக ஞாபகம் வராது, அப்புறம் கற்பனையாக எழுத ஆரம்பிப்போம், ஆரம்பித்தால் அது பாடக்குறிப்பேடாகிவிடும். ராத்திரி சோற்றுப்பானையைக் கழுவி வைத்த கையோடு எழுதிவிடுவது என் வழக்கம். ஒன்றும் நடக்காத நாளில் "ஒன்றும் இல்லை, காய்ச்சல்" என்று எழுதினாலும் போதும். சித்திரைத் திருவிழா வாரத்தில் எங்கள் நோட்டு முழுக்க "ஊர் சுற்றினோம்" என்றுதான் இருக்கும், அதற்காக யாரும் தலையை வாங்கவில்லை.

வாரத்துக்கு ஒரு தடவை வேறு ஒரு வேலை இருக்கிறது. சமச்சீர் பாடப்புத்தகத்தை நாங்கள் வேதமாக வைத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் பிள்ளையின் வயதுக்குரிய வகுப்புப் புத்தகங்கள் வீட்டில் உண்டு. பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்திலேயே பி.டி.எஃப்.ஆக இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சுப் புத்தகமும் விலை குறைவு. ஒவ்வொன்றின் பொருளடக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து நோட்டின் கடைசியில் ஒட்டிவிடுங்கள். ஞாயிறு சாயங்காலம் அந்த வாரக் குறிப்புகளை ஒரு ஓட்டம் படித்து, எந்தப் பாடத்தைத் தொட்டிருக்கிறோமோ அதற்கு நேரே தேதி. தொட்டது என்றால் ஒரு கோடு, யாருடைய உதவியும் இல்லாமல் பிள்ளை தானே செய்தால் டிக், திரும்பப் பார்க்க வேண்டும் என்றால் வட்டம். மூன்று மாதத்தில் எங்கே ஓட்டை என்று பளிச்சென்று தெரியும். எங்களுக்கு வடிவியல் முழுக்க வட்டமாகவே கிடந்தது, ஏனென்றால் எனக்கு அது வராது. என் தம்பி லேத் பட்டறை வைத்திருக்கிறான், அவனிடம் சனிக்கிழமைதோறும் அனுப்பினேன், மாமா பட்டறையில் கோணமும் விட்டமும் தானாக ஏறிவிட்டது.

இனி பரீட்சை. எந்த வழியாகப் பரீட்சைக்குப் போகப் போகிறோம் என்று பிள்ளைக்குப் பத்து, பதினொரு வயதுக்குள் ஓரளவு தீர்மானித்துவிட வேண்டும், ஏனென்றால் எதை எழுதி வைப்பது, எதை ஜெராக்ஸ் எடுத்து வைப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. பலர் போவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ். என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 1989-ல் தொடங்கியது, மத்திய அரசின் கீழ் இருக்கிறது. அதில் கீழ் வகுப்புகளுக்கு ஏ, பி, சி என்று மூன்று நிலை உண்டு, 3, 5, 8-ம் வகுப்புக்கு இணை. பத்தாவதுக்கு 14 வயது முடிந்திருக்க வேண்டும். ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம், தேர்ச்சிக்கு 33 சதவீதம். பரீட்சை வருடத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. ஒரு தடவை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, இரண்டு இப்போது, மூன்று அப்புறம் என்று எழுதலாம், இது ஒன்றுக்காகவே எனக்கு அது பிடிக்கும். டி.எம்.ஏ. என்று ஒப்படைப்பு ஒன்று உண்டு, அதற்கு 20 சதவீதம் மதிப்பு. அனுப்புகிற ஒவ்வொரு ஒப்படைப்பையும் அனுப்புவதற்கு முன் பிரதி எடுத்து, அனுப்பிய தேதியோடு வையுங்கள். மொழிப்பாடத்தில் தமிழை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயமாகிவிட்ட காலத்தில் பத்தாவதில் தமிழை விட்டுவிட்டு அப்புறம் முழிப்பதில் அர்த்தமில்லை.

இன்னொரு வழி நம் மாநிலத் தனித்தேர்வர் வழி, அதாவது பள்ளியில் சேராமல் தனியாகப் பரீட்சை எழுதுவது. பன்னிரண்டரை வயது முடிந்த பிள்ளை எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், அரசுத் தேர்வுகள் துறை நடத்துகிறது, ஐந்து பாடம். அதில் தேறினால் வயது வந்ததும் பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். இதில் பலர் சறுக்குவது அறிவியல் செய்முறையில். அதற்கு முன்கூட்டியே பேரைப் பதிந்து பயிற்சி வகுப்புக்குப் போயிருக்க வேண்டும், பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற சமயத்தில் போய் நின்றால் காரியம் ஆகாது. தேதியும் கட்டணமும் வருடா வருடம் அறிவிப்பில் வரும், அறிவிப்பை வெட்டி நோட்டில் ஒட்டுங்கள்.

மூன்றாவது வழி பள்ளிக்கே திரும்புவது, எங்கள் மூத்தவள் போன வழி. எட்டாம் வகுப்பு வரைக்கும் அதே கல்வி உரிமைச் சட்டம் நமக்கு உதவும். இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதன் 4-வது பிரிவு சொல்கிறது. ஒன்பதாவதிலிருந்து அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதனால் திரும்புகிற எண்ணம் இருந்தால் எட்டாவதற்குள் திரும்புங்கள்.

நிறுத்துவதற்கு முன் யாரும் எங்களுக்குச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது, அடுத்த வருடம் பொறியியல் மாதிரித் தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டத்துக்கும், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டத்துக்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த படிப்புத்தான் தகுதி. நடுவில் ஒரு வருடம் வீட்டில் இருந்தாலும் கணக்கு அறுந்துபோகும். எங்கள் மூத்தவள் ஆறு, ஏழு இரண்டும் வீட்டில் படித்தவள். அவளுக்கு டாக்டர் ஆகிற எண்ணம் இல்லைதான், ஆனாலும் பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்த வழியை அடைத்தது நாங்கள். உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் ஐந்தாவதில் இருந்தால், நிறுத்துவதற்கு முன் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பேசுங்கள். இலவச பஸ் பாஸ், போட்டிகளுக்குக் கேட்கிற போனஃபைடு (இந்தப் பள்ளியில் படிக்கிறார் என்ற சான்று) இதெல்லாம் போவது இதோடு ஒப்பிட்டால் சின்ன விஷயம்.

காகிதங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி ஃபைலில் முதல் கவரில் டி.சி., கடைசியாகப் படித்த வகுப்பின் மார்க் ஷீட், பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று ஆகியவற்றின் ஜெராக்ஸ். அசல் பீரோவில் இருக்கட்டும். எமிஸ் நம்பரை டி.சி.யிலிருந்து எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள், திரும்பச் சேர்க்கும்போது முதலில் கேட்பது அதைத்தான். பிறப்புச் சான்றில் ஒரு இனிஷியல், ஆதாரில் இன்னொரு இனிஷியல் என்று இருந்தால் இப்போதே இ-சேவை மையத்துக்கு அலைந்து சரிசெய்துகொள்ளுங்கள், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் தலைவலி.

அடுத்த கவர் உடம்புக்கு. பள்ளியில் தானாக நடப்பது வீட்டில் தானாக நடக்காது. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடுகிற டி.டி. (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசி, வருடத்துக்கு இரண்டு தடவை கொடுக்கிற குடற்புழு மாத்திரை, கண் பரிசோதனை, எல்லாம் பள்ளி மூலமாகத்தான் பிள்ளைகளுக்குப் போகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் கொடுப்பார்கள், நாமாகப் போக வேண்டும். எங்கள் இளையவனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று நாங்கள் கண்டுபிடிக்கவே ஒரு வருடம் ஆனது. பள்ளியாக இருந்தால் போர்டு தெரியவில்லை என்று முதல் மாதமே சொல்லியிருப்பான், வீட்டில் போர்டு இரண்டடி தூரத்தில் இருக்கிறது, எப்படித் தெரியும்! பழைய நோட்டைப் புரட்டினால் "புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துப் படிக்கிறான்" என்று நானே மூன்று இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதினால் மட்டும் போதாது, மாதத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புத்தி வந்தது.

பிள்ளை எழுதிய தாள்களில் எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள், வீடு குப்பைக்கிடங்காகும். மாதத்துக்கு ஒரு பாடத்துக்கு இரண்டு தாள் போதும், ஒன்று நன்றாகச் செய்தது, ஒன்று தப்பாகச் செய்தது. தப்புத் தாளைத் தூக்கிப் போடத்தான் எல்லோருக்கும் கை போகும். ஆனால் மார்ச்சில் சரியாகப் போட்ட வகுத்தல் கணக்கை மட்டும் காட்டினால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, ஜூலையில் தப்பாகப் போட்டதைப் பக்கத்தில் வைத்தால்தான் பிள்ளை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று தெரியும். பின்பக்கம் டேட் ஸ்டாம்ப் குத்திவிடுங்கள், குத்துகிற வேலையைப் பிள்ளையிடமே கொடுத்தால் போட்டி போட்டுக்கொண்டு செய்யும்.

வாசிப்புக்குத் தனி நோட்டு. புத்தகம் பேர், எத்தனை பக்கம், பிடித்ததா இல்லையா, ஒரு வரி, போதும். நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, மாதத்துக்கு இரண்டு நாள் காலையிலேயே கட்டுச்சோறோடு போய்விடுவோம். இதோடு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரே பத்தியைப் பிள்ளை வாய்விட்டுப் படிப்பதைப் போனில் பதிந்து வையுங்கள். இளையவன் எட்டு வயது வரை எழுத்துக் கூட்டித்தான் படித்தான். "புள்ளைய மாடு மேய்க்கவா வீட்ல வச்சிருக்க?" என்று அவன் அப்பத்தா தினமும் கேட்பார். ஒரு நாள் நான்கு பதிவையும் வரிசையாகப் போட்டுக் காட்டினேன். முதலாவதில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிமிடம் எடுத்தவன் நான்காவதில் நிறுத்தாமல் ஓடுகிறான். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் பேப்பரை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

போனை மட்டும் நம்பாதீர்கள். ஒரு வருடத்துப் படங்கள் முழுவதும் இருந்த என் போன் அழகர்கோவில் போயிருந்தபோது நூபுரகங்கையில் விழுந்தது, எடுத்து அரிசிக்குள் போட்டுப் பார்த்தும் உயிர் வரவில்லை. இப்போது மாதக் கடைசியில் பென் டிரைவில் ஏற்றிவிட்டு, மூன்று மாதத்துக்குப் பத்துப் படம் பிரிண்ட் போட்டு ஒட்டுகிறேன். நுழைவுச்சீட்டு, பஸ் டிக்கெட் ஒட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, மிஷினில் வருகிற வழவழப்பான சீட்டு ஒரு வருடத்தில் வெளுத்து வெள்ளைத்தாளாகிவிடும், ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள்.

வெளியே கூட்டிப்போகிற நாட்களை எப்படி எழுதுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போவதற்கு முந்தின நாள் பிள்ளை ஒரு கேள்வியாவது வலது பக்கத்தில் எழுத வேண்டும், வந்த பிறகு அதற்குக் கீழே பதில், இதுதான் எங்கள் வீட்டு விதி. கேள்வி இல்லாமல் போனால் அருங்காட்சியகமும் ஒன்றுதான் அப்பளக் கடையும் ஒன்றுதான். கீழடிக்குப் போன அன்று இளையவன் கேள்வி: "அந்தக் காலத்துல பானையில பேர் எழுதுவாங்களா?" அங்கே தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் ஆதன், குவிரன் என்றெல்லாம் பேர் கீறிய ஓடுகளைப் பார்த்தான். வீட்டுக்கு வந்து உடைந்த தொட்டி ஓட்டில் ஆணியால் தன் பேரைத் தமிழியில் கீறினான், மூன்று ஓடு பாழானது. ழ, ள, ற, ன எழுத்துகளுக்குத் தமிழியில் தனி வடிவம் இருக்கிறது என்று அவனாகவே அட்டவணையைப் பார்த்துக் கண்டுபிடித்து என்னிடம் வந்து சொன்னான். அந்த ஒரு நாள் குறிப்பில் தமிழ், வரலாறு, கைவேலை மூன்றும் வந்துவிட்டது.

தூரம் போக வேண்டும் என்றும் இல்லை. எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரிகிற யானைமலையின் அடியில் நரசிங்கத்தில் குடைவரைக் கோயில் இருக்கிறது. பாண்டியனுடைய அமைச்சர் மாறன் காரி எடுப்பித்தது. அங்கே உள்ள கல்வெட்டில் கலியாண்டு 3871, அதாவது கலியுகக் கணக்கில் எண்ணிய ஆண்டு, என்று வருகிறது. அதில் 3101-ஐக் கழித்தால் கி.பி. 770. மூத்தவள் அந்தக் கழித்தலைக் கோயில் படியில் உட்கார்ந்து போட்டாள், அப்புறம் இந்த வருடத்திலிருந்து 770-ஐக் கழித்துப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். பாடப்புத்தகத்தில் கழித்தல் கணக்கு ஐம்பது இருக்கிறது, ஒன்றையும் அவள் ஞாபகம் வைத்திருக்க மாட்டாள். தமுக்கம் பக்கம் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிற காந்தி அருங்காட்சியகம், கீழக்குயில்குடி சமணர் மலை, மழைக்குப் பிறகு கண்மாயில் வந்து இறங்குகிற பறவைகள், எல்லாம் பஸ் காசுக்குள் முடிகிற பாடங்கள்.

ஒன்றே ஒன்றில் நாங்கள் அசட்டையாக இருந்துவிட்டோம். கடிகாரத்தை வைத்துப் பரீட்சை எழுதுகிற பழக்கம். வீட்டில் படிக்கிற பிள்ளை ஒரு கணக்கை அரை நாள் யோசிக்கும், அது நல்லதுதான், ஆனால் பரீட்சை ஹாலில் அரை நாள் கிடைக்காது. மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயதில் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து மூன்று மணி நேரம் வைத்தோம். ஐந்து கேள்விக்கு மட்டும் அருமையாகப் பதில் எழுதிவிட்டு மிச்சத்தைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தாள், மொட்டைமாடியில் தனியாக, நடுவில் தண்ணீர் குடிக்க மட்டும் அனுமதி. எழுதிய தாளைத் திருத்தி மார்க்கோடு ஃபைலில் வைத்தோம். திருத்துகிற வேலையை நீங்கள் செய்யாமல் தெரிந்த ஆசிரியர் யாரிடமாவது கொடுத்தால் நல்லது, அம்மா போடுகிற மார்க்கை யாரும் நம்ப மாட்டார்கள், பிள்ளை உட்பட.

கடைசியாக ஆண்டுத் தாள். மூத்தவளைச் சேர்க்கப் போனபோது மூன்று வருட நோட்டும் ஃபைலும் ஒரு கட்டைப்பையில் தூக்கிக்கொண்டு போனேன். ஹெச்.எம். பையைப் பார்த்தார், மேஜை மேல் இருந்த அட்மிஷன் கட்டைப் பார்த்தார், "இவ்வளவையும் நான் எப்பம்மா படிக்கிறது? ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க" என்றார். வராந்தாவில் உட்கார்ந்து அவசரம் அவசரமாக எழுதினேன், கை நடுங்கியதில் பாதி விட்டுப்போனது. இப்போது இளையவனுக்கு ஏப்ரல் மாதம் வந்தால் ஒரே பக்கத்தில் எழுதிவிடுகிறேன். பேர், வயது, எமிஸ் நம்பர், எந்த வகுப்புப் புத்தகம், பொருளடக்கத்தில் எத்தனை பாடத்துக்கு டிக், எத்தனைக்கு வட்டம், கடிகாரம் வைத்து எழுதிய பரீட்சைகளின் மார்க், படித்த புத்தகங்களின் எண்ணிக்கை, தானாகச் செய்யத் தெரிந்தவை ஐந்து, இன்னும் தடுமாறுபவை இரண்டு. தடுமாறுவதை மறைக்காமல் எழுதுங்கள். அன்றைக்கு அந்த ஹெச்.எம். என் தாளில் நின்று படித்த வரி "ஆங்கிலத்தில் பேசத் தயங்குவாள், எழுதினால் புரிந்துகொள்வாள்" என்பதுதான். படித்துவிட்டு ஆங்கில டீச்சரைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்றார். அப்புறம் அந்த வரிக்குச் சான்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார், அப்போதுதான் பை திறந்தது.

வருடம் முடிந்த நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட வேண்டாம், பிள்ளை பத்தாவது முடிக்கிற வரை இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் வைத்தால் கரையான் வரும், எங்களுக்கு ஐப்பசி மழையில் ஒரு நோட்டின் ஓரம் முழுக்கப் போனது. தகர டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை நான்கு போட்டு, தரையில் வைக்காமல் பரணில் ஏற்றிவிடுங்கள். எந்தப் பிள்ளையின் எந்த வருடம் என்று பெட்டி மேல் சாக்பீஸால் எழுதினால் அழிந்துவிடும், பெயிண்டால் எழுதுங்கள்.